கடப்பதற்கு இருபது நொடி

ஐப்பசி 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். குடை ஒன்றுதான், வீட்டுக்காரருக்கு. பிசியோதெரபி நாள். கிளினிக் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். போன வாரம் அங்கே புது சிக்னல் வைத்தார்கள். பச்சை மனிதன், பக்கத்தில் இருபதிலிருந்து இறங்கும் எண். வசதிதான் என்று நினைத்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கால் இழுத்துக்கொண்டுதான் வரும். நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் பூஜ்யம். ஒரே ஹாரன். சிக்னல் இல்லாதபோது கையைக் காட்டினால் வண்டி நிற்கும். இப்போது யாரும் எங்களைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறார்கள்.
வாங்க: பி.பி. மாத்திரை, கறிவேப்பிலை, துணி சோப்பு.

ஐப்பசி 5, புதன்
வெயில். பைக்கில் நின்ற காலேஜ் பையன்கள் சத்தமாக எண்ணினார்கள். "அஞ்சு, நாலு, மூணு..." பின்னால் ஷேர் ஆட்டோவில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே சிரிப்பு. அவரும் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போகும்.
வீட்டில் சோற்றைத் தொடவில்லை. ரசம் மட்டும் குடித்தார்.

ஐப்பசி 7, வெள்ளி
லேசான தூறல். சிக்னலடியில் ஒரு இன்ஜினியர், கையில் டேப், கூட இரண்டு பேர். நேரம் போதவில்லை என்று சொன்னேன். மரியாதையானவர். சாரைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கம்மா, பார்த்துக்கொள்கிறோம் என்றார். இவருக்குப் பெருமை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார், போனில் வீடியோ எடுத்தார்கள். வீடியோ சரியாக விழவில்லையாம், இன்னொரு தடவை. அப்புறம் குடை இல்லாமல் ஒரு தடவை. மூச்சு வாங்கியது. நான் தடுக்கவில்லை, நேரம் கூடும் என்று ஆசை.
முடிந்ததும் இன்ஜினியர் என்னிடம் சொன்னார்: "இவங்களுக்கு இந்த நம்பர் ஒத்து வராதுங்க. நடுவுல நிக்கத் திட்டு இருந்தா சரி. இல்ல, டைம் கூட்டணும். கூட்டினா வண்டி பாலம் வரைக்கும் நின்னுடும். கடைத்தெரு, காலேஜ் வாசல், அங்கதான் இது சரியா வரும். வேகமா நடக்கிற ஜனம்."
அப்போ நாங்க என்றேன்.
"பாத்துப் போங்க."
இவர் காதிலும் விழுந்தது.

ஐப்பசி 10, திங்கள்
மழை. எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.
பாதி ரோட்டில் எண் மூன்று. மன்னார்குடி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் கையை விட்டுவிட்டு ஓடினேன். யோசிக்கவில்லை. எதிர்ப்பக்கம் போய்த்தான் திரும்பினேன். அவர் நடுவில் நின்றார், இரண்டு பக்கமும் வண்டி. பஸ் அவரை உரசாத குறையாகப் போனது. டிரைவர் தலையை நீட்டி, "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றான்.
இவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இதே வார்த்தையை ரோட்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். ராத்திரி வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.
சிக்னலடியில் உட்காரும் பூக்காரம்மா போய்க் கூட்டிவந்தாள். என்னைப் பார்த்த பார்வை.
கிளினிக்கில் வரிசை. நாற்காலி எனக்கும் போட்டார்கள். உட்காரவில்லை.

ஐப்பசி 11, செவ்வாய்
வெளியே போகவில்லை. இட்லி. அவர் பேப்பர் படித்தார். சாயங்காலம்தான் பேசினார், கோபமே இல்லாமல்.
"நீ ஓடினது சரிதான். ரெண்டு பேரும் ஏன் சாகணும்?"
திட்டியிருக்கலாம்.
மாவு அரைத்தேன். கைவேலையாவது இருந்தது.

ஐப்பசி 12, புதன்
மூட்டம். நம்பர் பெட்டியைக் கழற்றி ஜவுளிக்கடைத் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், பால்காரர் சொன்னார். நல்ல செய்தி என்று போய்ச் சொன்னேன். அவர் அதற்குள் சட்டை போட்டு, தலை வாரி, செருப்பு மாட்டி முடித்திருந்தார். தெருமுனை ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டாராம், கிளினிக் வாசலிலேயே இறக்கிவிடுவாராம். நானும் புடவை மாற்றட்டுமா என்று கேட்டேன்.
"எதுக்கு? நீ வீட்டப் பாரு."
ஆட்டோ வந்தது. படியிறங்கக் கையை நீட்டினேன். பார்த்தார். ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.