குதிரைமேல் ராணியும் ஸ்கூட்டியில் நீயும்

என் செல்வி அக்காவுக்கு,

உன் படத்தை மாட்டிவிட்டோம், ராணிக்குப் பக்கத்திலேயே. அதற்குள் வீட்டில் நடந்த பேஜாரை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதல் சம்பளத்தில் எல்லோரும் அம்மாவுக்குப் புடவை எடுப்பார்கள். நீ புதுவாயலில் படத்துக்குக் கண்ணாடி போடும் கடையிலிருந்து ராணியைக் கூட்டி வந்தாய். அச்சடித்த படம்தான். வெள்ளைக்காரனை எதிர்த்த ராணி, வெள்ளைக் குதிரையில், உருவிய வாளோடு. வரைந்தவருக்கு அவர்மேல் கொள்ளை ஆசை போல. பட்டுச் சேலை கசங்கவில்லை, முத்துமாலை நழுவவில்லை, பின்னால் நிலா வேறு. சண்டைக்குப் போகிறவர் இவ்வளவு நகையா போடுவார் என்று கிண்டல் செய்தேன். ஜெயிக்கப் போகிறவர் போடுவார் என்றாய். கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குக் கிளம்பும்போது நீயும் யூனிஃபார்ம் கோட்டை இஸ்திரி போட்டுத்தானே மாட்டுவாய்?

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா சாமி படங்களோடு ராணிக்கும் மாலை போட்டாள், ஞாபகம் இருக்கிறதா? நீ உடனே கழற்றினாய்.

"இவங்க சாமியும் இல்ல, செத்தவங்களும் இல்ல. நல்லா பாரும்மா, குதிரை ஓடிக்கினுதானே கீது?"

அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். எனக்கு அன்றைக்கு உன்னை அவ்வளவு பிடித்தது.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. ராணியைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் உன்னை மாட்டச் சொன்னார் மாமா. முடியாது என்று பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தேன். நான் பெரிதாக்கி வைத்திருந்தது, நீ ஸ்கூட்டியில் முடி பறக்கச் சிரிக்கிற படம். காரியத்தன்று மாமா பெரிய ரோஜா மாலையோடு வந்தார். அது ஏறிவிட்டால் நீ செத்தவளாகிவிடுவாய் அக்கா.

அம்மாதான் மாலையைக் கையில் வாங்கினாள். உன்னைப் பார்த்தாள், ராணியைப் பார்த்தாள். பிறகு அதை விளக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டாள்.

"வண்டி ஓட்டிக்கினு கீறா அண்ணா. மாலை காத்துல பறந்துடும்."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ராணிக்குள் நீ யாரைப் பார்த்தாய் அக்கா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

உன் ஸ்கூட்டியை இப்போது நான்தான் நாம் சேர்ந்து போன கம்பெனிக்கு எடுத்துப் போகிறேன். ஹைவேயில் லாரி உரசிக்கொண்டு போனால் இன்னும் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். ராணியை நினைத்து முதுகை நிமிர்த்திக்கொள்கிறேன். இரண்டு படத்தின் கண்ணாடியையும் நானே துடைப்பேன். நான் இருக்கும்வரை உங்கள் இரண்டு பேருக்கும் மாலை போட விடமாட்டேன். நீ ஓட்டிக்கொண்டே இரு.

உன் பின் சீட்டிலிருந்து முன்னால் வந்த தங்கை,
சுமதி