வள்ளத்தில் கவிழ்த்த குடம்

ஆலப்புழை,
மே 12, 1960.

அன்புள்ள நைனாவுக்கு,

யூனிஸ் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் தயவால் நானும் உங்கள் மருமகனும் சுகம். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? கடிதத்தை வழக்கம்போல அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் வழக்கம்போல நடுவில் தாண்டிப் போக வேண்டாம். நீங்கள் தாண்டுகிற இடம் அம்மாவுக்குத் தெரியும். அங்கே உங்களுக்கு இருமல் வரும்.

கயிறு வாங்கும் வேலை பாதி முடிந்தது. எங்கள் சித்தூர்க் கடைக்கு, கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற கபிலை வடம் வேண்டுமென்றால் மண்டியில் வாங்கிவிட்டுத் திரும்பலாம். இவர் அப்படிச் செய்வாரா? கயிறு திரிக்கிற வீட்டுக்கே போய் முறுக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் இவருக்குத் தூக்கம் வரும். அந்த வீடுகளுக்கு ரோடு கிடையாது. அதனால் பாய்க்கூரை போட்ட வள்ளம் ஒன்றைப் பேசி, அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. இந்த ஊரில் வயல் தாழக் கிடக்கிறது, ஆறு அதற்கு மேலே ஓடுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தோணியில், வாத்து மேய்க்கிறவனும் தோணியில். கரையில் நிற்கிறவர்கள் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். ஆந்திரா என்றால், தமிழ் பேசுகிறீர்களே என்கிறார்கள். நான் விளக்கி முடிப்பதற்குள் வள்ளம் அடுத்த கிராமத்துக்குப் போய்விடுகிறது.

இனி என் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். விடிந்ததும் பழைய தண்ணீரைக் கொட்டி, குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடிப்பது அம்மா பழக்கிய பழக்கம். வள்ளத்திலும் அப்படியே செய்தேன். இருந்த குடங்களையெல்லாம் கவிழ்த்துத் தேய்த்து, குனிந்து ஆற்றிலேயே மொண்டு நிரப்பினேன். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், யோசிப்பானேன்? கஞ்சியை வாயில் வைக்க முடியவில்லை, ஒரே உப்பு. கோடையில் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறிவிடுமாம். குடிக்கிற தண்ணீர் மேலாற்றிலிருந்து தோணியில் வரவேண்டுமாம். வள்ளக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இவர் கஞ்சியை ஆற்றில் கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவினார். அது இன்னும் மோசம்.

வள்ளக்காரர் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் படித்துறையில் வள்ளத்தைக் கட்டிவிட்டுக் குடங்களோடு போனார். அங்கிருந்த நர்ஸம்மாவிடம் நான் நல்ல தண்ணீரைக் கொட்டிய கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். நர்ஸம்மா சிரிக்கவில்லையாம். அந்தப் பெண் எந்த ஊர் என்று கேட்டாளாம். கலியாணமாகி வந்த புதிதில் அவளும் மாமியார் வீட்டுக் குடத்தை இப்படித்தான் கவிழ்த்தாளாம்.

இருமாதீர்கள் நைனா, வாசியுங்கள். அது என் கூடப் பிறந்த கிருபாவதி.

நான் தேடிப் போகவில்லை. அவள் எந்தக் கிராமத்தில் இருக்கிறாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று உங்களுக்குக் கொடுத்த வாக்கையும் மீறவில்லை. அவள்தான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள். ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிறவள், "மொண்டத ஒரு வாய் குடிச்சிப் பாக்கக் கூடாதாடி?" என்று முதலில் என்னைத் திட்டினாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். அம்மாவைக் கேட்பதற்கு முன்பே உங்களைத்தான் கேட்டாள். "நைனா நல்லா துன்றாரா? இன்னும் கோவமாத்தான் கீறாரா?" என்றாள்.

வேலூரில் நர்ஸுக்குப் படிக்கப் போனவள் மலையாளத்துக் கம்பவுண்டரைக் கட்டிக்கொண்டாள் என்பதுதானே உங்கள் கோபம்? அந்த மனிதர் படியில் நின்றபடியே பேசினார். வீட்டுக்கு வாருங்கள் என்று ஒரு தரம் கூப்பிட்டார். நான் தலையைக் குனிந்ததும் புரிந்துகொண்டு, வள்ளத்துக்கே சோறு அனுப்பினார். நல்ல மனிதர். மகளுக்கு ஜெயம்மா என்று அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கோபம் வந்தால் உங்களைப்போலவே அதற்கு மூக்கு விடைக்கிறது.

கத்திக்குப் பயந்துதான் அம்மா கண் ஆபரேஷன் வேண்டாம் என்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறீர்கள். என்னிடம் அம்மா சொன்னது வேறு. "பாக்க வேண்டியவ வராம கண்ணத் தொறந்துகினு என்னா பண்றது" என்றாள். இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

போன மாதம் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போய், நாம் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம் என்று நீங்கள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "கூடப் பொறந்தவள வேற ராஜ்யம் ஆக்கிட்டாங்களே" என்று அத்தையை நினைத்து அழுதீர்கள். எனக்கும் துக்கம்தான். ஆனால் அத்தை வீட்டுக்கு இன்றைக்கும் பஸ் போகிறது. கிருபாவுக்கும் நமக்கும் நடுவில் எல்லை போட்டது எந்தச் சர்க்கார் நைனா? கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் நிறுத்தாமல் வாசியுங்கள்.

அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். எர்ணாகுளத்தில் ரயில் ஏறி, வருகிற 23ஆம் தேதி திங்கட்கிழமை காலை காட்பாடியில் இறங்குவோம். நீங்கள் அம்மாவை அழைத்து வந்தால் அப்படியே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். கிருபா பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வாள். நீங்கள் வராவிட்டால் சித்தூரில் என் வீட்டில் வைத்துக்கொள்வேன். கங்காதர நெல்லூருக்குக் கூட்டி வந்து உங்கள் வாசலில் நிறுத்த மாட்டேன்.

அம்மா, இது உனக்கு. உன் கிருபாவதி வருகிறாள். இதை நைனாவின் குரலில் கேட்டாயானால், ஏழு வருஷமாகச் சொல்லாத பெயரை அவர் சொல்லிவிட்டார். இன்னொரு தரம் வாசிக்கச் சொல்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காட்பாடி வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள் மகள்,
யூனிஸ்