கைரேகைப் பெட்டியின் பெயர்

ஆனி மாதம், வியாழக்கிழமை.

மருமகள் மல்லிகாவின் விண்ணப்பம் போடும் கடையில் காலையிலிருந்து கம்ப்யூட்டர் திறக்கவில்லை. ஆன் செய்தால் ஆங்கில வரிகள் வேகமாக ஓடும், பிறகு அப்படியே நின்றுவிடும். ஏரிக்கரைக் குடியிருப்புக் கன்னியம்மா காத்திருந்தாள். அவள் மகளின் நர்சிங் விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணிதான் கெடு.

"இன்னாம்மா, ஆவுமா ஆவாதா?"

மல்லிகா அணைத்து அணைத்துப் போட்டாள்.

ஓடும் வரிகளை என்னால் பிடிக்க முடியாது. நின்றுவிட்ட கடைசி வரியைப் பிடிக்கலாம். எழுத்துப் பழகும் முதியோர் வகுப்பில் செய்வதுபோல அதை நோட்டில் பார்த்து எழுதினேன். மூன்று முறையும் அதே எழுத்துகள். விரல் வைத்து ரேகை பதிய வைத்திருந்து, இப்போது அலமாரியில் கெட்டுக் கிடந்த கைரேகைப் பெட்டியின் முதுகிலும் அதே எழுத்துகள்!

"யம்மா, இத்ததான் தேடிக்கினு நிக்குது."

"அதை எப்பவோ கயட்டிட்டேனே மாமா!" என்றவள் நோட்டைப் பார்த்தாள். "ஐயே, அதோட டிரைவர் உள்ளயே கீது."

டிரைவர் என்பது பெட்டியோடு பேசும் புரோகிராமாம். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே ஒரு பட்டனை அழுத்தி, அந்தப் பெயரை டைப் அடித்து, இதைக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டாள். திறந்துகொண்டது.

"இல்லாத பெட்டிய ஏன் கூப்புடுது?" என்று கேட்டேன்.

"இல்லன்னு அதுக்கு யாரு சொன்னாங்க மாமா?"

இதையே வெகுநேரம் யோசித்தேன்.

நாலரைக்கு விண்ணப்பம் போனது. கன்னியம்மா ரசீதை மல்லிகாவிடம் காட்டவில்லை, என்னிடம் நீட்டினாள்.

"பொண்ணு பேரு சரியா கீதா பாரு நைனா. மெதுவாவே படி."

ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு முறை படித்தேன்.