ஒரே ஒரு ஆளுக்குச் சமையல்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், வீடு நலம், நானும் இடுப்பு ஒன்றைத் தவிர மற்றபடி நலம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இரண்டு மாதம் ஏமாந்தோம். போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததும், காலையில் ரொட்டி, மத்தியானமும் ரொட்டி, சாயங்காலம் பசியில்லை என்று படுத்துவிடுகிறேன், படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டதும், பதில் சொல்லத் தெரியாமல் நான் கத்தியதும் இன்னும் காதிலேயே நிற்கிறது. போனை எடுத்தாலே எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, கேன்டீனில் பாத்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அதனால் பேசவேண்டாம், எழுதுங்கள் என்று அம்மா பேனாவைக் கையில் திணித்துவிட்டாள்.

விடுதி அறையில் கெட்டில் மட்டும்தான் வைத்துக்கொள்ள விடுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளுக்கு என்னதான் செய்வது, நீங்களாவது சொல்லுங்கப்பா என்று அன்றைக்குக் கேட்டாய் அல்லவா. முப்பது வருஷமாக முந்நூறு தொழிலாளிகளுக்கு ஆக்கிப்போடுகிறவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று உடனே காகிதத்தோடு உட்கார்ந்தேன். முதலில் வெங்காயம் பன்னிரண்டு கிலோ என்று எழுதிவிட்டேன். கை அப்படித்தான் போகிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, அவ படிக்கப் போயிருக்காளா, பட்டாளத்துக்குப் போயிருக்காளா" என்றாள். சரி என்று எல்லாவற்றையும் முந்நூறால் வகுத்தேன், முட்டை முக்கால் என்று வந்தது. மருந்துக் கடையில் சொட்டுக் கணக்கில் அளந்து கொடுக்கிறவள் உன் அம்மா, அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எழுதறது இருக்கட்டும், அவளை மாதிரி ஒரு வாரம் இருந்து பார்த்துட்டு அப்புறம் புத்தி சொல்லுங்க என்று சட்டம் போட்டாள். தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவதற்காக ஒரு வாரம் மூடியிருந்தார்கள், தப்பிக்க வழியில்லை. பின்னறை, சாத்திய கதவு, ஒரு கெட்டில், ஒரு பிளாஸ்க், ஒரு கிண்ணம், ஒரு கத்தி, உன்னுடையதைப் போலவே ஒடுக்கமான ஒரு கட்டில். என் இடுப்பு போனது அந்தக் கட்டிலில்தான்.

முதல் நாள் கெட்டிலுக்குள்ளேயே அரிசியைப் போட்டேன். அது பொங்கி, மூடியைத் தள்ளி, கஞ்சி வழிந்து மெத்தை வரைக்கும் வந்துவிட்டது. இரண்டாம் நாள் பிளாஸ்கில் அரிசியும் கொதிநீரும் ஊற்றி வைத்தேன், ஆனால் கேன்டீன் புத்தி போகுமா, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பதம் பார்த்தேன். திறக்கத் திறக்கச் சூடு போய், மாலைவரை அரிசி அரிசியாகவே நின்றது. அதைத் தின்று தீர்க்க எங்கள் தொழிற்சாலைக் காவலாளி வந்தார், 'போதும்' என்று பட்டப்பெயர், பந்தியில் அந்த வார்த்தையை ஒருநாளும் சொல்லாததால் வைத்தது. இரண்டு வாய் மென்றுவிட்டு, "அண்ணே, போதும்ண்ணே" என்றார். முப்பது வருஷ வீறாப்பு அன்றைக்கு இறங்கியது.

அதற்குப் பிறகுதான் அடக்கமாகக் கற்றுக்கொண்டேன், கேட்டுக்கொள். அரை டம்ளர் அரிசியும் ஒரு கைப்பிடி சிவப்புப் பருப்பும் கழுவி ஒரு மணி நேரம் ஊறட்டும். வாயகன்ற பிளாஸ்கை முதலில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிடு, பிறகு ஊறினதைப் போட்டு, தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் இரண்டரை டம்ளர், உப்பு, மிளகுத்தூள், நறுக்கின தக்காளி, இறுக்கி மூடிவிட்டு வகுப்புக்குப் போய்விடு. கையில் அரிப்பெடுத்தாலும் இரண்டு மணி நேரம் திறக்காதே. முட்டை என்றால் கெட்டிலில் தண்ணீரோடு போடு, அது கொதித்துத் தானாக அணைந்ததும் கால் மணி நேரம் அப்படியே விடு, வெந்திருக்கும். நான் சொல்லாமல் அணைகிற அடுப்பை இப்போதுதான் பார்க்கிறேன், கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. ரவையை வறுத்ததாகவே வாங்கிக்கொள், கிண்ணத்தில் கொதிநீர் விட்டுத் தட்டைப் போட்டு மூடினால் பத்து நிமிஷம், மேலே எலுமிச்சை பிழிந்துகொள். பச்சைப்பயறு மலிவு, முளைகட்டி வைத்து வெந்நீரில் அலசி எடுத்தால் ரொட்டிக்குத் துணையாகும்.

நான்காம் நாள் பிளாஸ்க் சோறு பதமாக வந்தது, வாசனை அறை முழுக்க. கிண்ணத்தில் போட்டுக்கொண்டு கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை கண்ணு. உப்பு சரி, காரம் சரி, சோறு மட்டும் இறங்கவில்லை. கதவைத் திறந்து, நீயும் வந்து கொஞ்சம் சாப்பிடேன் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வராமல் அங்கேயே நின்று, "அவளுக்கு அங்க கூப்பிட யாருங்க இருக்கா" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் அழுதாள், நானும் அழுதேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் நான்கு நாளாகக் கெட்டிலோடு மல்லுக்கட்டியது வீண், உனக்குக் குறைவது அடுப்பு இல்லை என்று. அதனால்தான் மேலே எழுதின அளவெல்லாம் இரண்டு பேருக்கு. தப்பாக எழுதிவிட்டேன் என்று பாதியாக்கிவிடாதே. பக்கத்து அறையில் ஒருத்தி பிஸ்கட்டிலேயே காலம் தள்ளுகிறாள் என்றாயே, போய் அவள் கதவைத் தட்டு. நிறைய வந்துவிட்டது, வீணாகப் போகும் என்று சொல், கூச்சப்படாமல் வருவாள். ஆளுக்கொரு நாள் பாத்திரம் கழுவலாம், சாமான் செலவும் பாதியாகும்.

வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். வரலாம். இது உன் வீடு, இதற்கு என்னிடம் அனுமதி எதற்கு. ஆனால் பதினைந்து நாள் இப்படிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு யோசி. வயிறு நிறைந்த பிறகும் அந்தப் படிப்பு வேண்டாம் என்று தோன்றினால் அது உன் முடிவு, நானே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன், ஏன் என்று வழியில் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். பசி எடுத்த முடிவாக மட்டும் அது இருக்க வேண்டாம். அன்றைக்குக் கத்தியது உன்மேல் கோபத்தால் இல்லை. ஊருக்கெல்லாம் சோறு போட்டுவிட்டு என் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டேனே என்ற ஆத்திரம், அது உன்மேல் பாய்ந்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே.

உடம்பும் மனசும் தேறி, நீ நினைத்தது நடந்து நன்றாக இருக்க எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு உண்டு. கெட்டிலில் பால் மட்டும் காய்ச்சாதே, அடிப்பிடித்தால் அதோடு அதன் ஆயுசு முடிந்தது, எங்கள் வீட்டுக் கெட்டில் சாட்சி.

இந்தக் கடிதத்தை வெறும் வயிற்றில் படித்திருந்தாயானால், எதையாவது சாப்பிட்டுவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படி.

இப்படிக்கு,
உன் அப்பா