நீ அவிழ்த்த வீடு

உன் நூல் டின்னைத் திறந்தால் இன்னும் கருவாடுதான் மணக்கிறது. கண்டக்குழிக் கரையில் மீன் காயப்போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, நூலை ஜன்னலோரம் வைத்தால் வேறென்ன மணக்கும்? நீ தைத்த ரோசாப்பூவை மோந்து பார்த்தால் சாளை மீன் வாசம் என்று நான் கேலி செய்வேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். அடுத்த சனிக்கிழமையும் அதே டின்னோடு வந்து நிற்பாய். இன்று அதற்குள் கை விட்டு வெள்ளை நூல் எடுத்தேன். உன் துண்டை விரிப்போடு பொருத்துகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

அதற்கும் நீதான் காரணம். ஆளுக்கொரு துண்டில் அவரவர் பிறந்த வீட்டைத் தைப்பது, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விரிப்பாக்குவது என்று யோசனை சொன்னவள் நீ. தன் துண்டைத் தானே பொருத்தக் கூடாது, அடுத்தவள்தான் பொருத்த வேண்டும் என்று சட்டம் போட்டவளும் நீ. "இல்லாட்டி ஒவ்வொருத்தியும் தன்ட ஊட்ட நடுவுல கொண்டுபோய் வெப்பாள்" என்றாய். உண்மைதான், நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு என் வீட்டு விறாந்தையில் கூடுவோம். மற்ற நாட்களில் வட்ஸ்அப் குழுவில் படம் போடுவோம். யார் எதைப் போட்டாலும் மற்றவர்கள் மாஷா அல்லாஹ் என்று இதயப் படம் அனுப்பிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விடுவார்கள். நீ மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அந்த இலை முருங்கையா வேம்பா, முருங்கை என்றால் ஏன் இவ்வளவு தடிப்பு என்று குரல் பதிவு அனுப்புவாய். எத்தனை பேர் உன்னோடு கோபித்தார்கள்! உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் உனக்கு.

எங்களில் பாதிப் பேர் இந்தக் கற்பிட்டிப் பக்கத்திலேயே பிறந்தவர்கள். ஐயம் வந்தால் எழும்பிப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து தைக்கலாம். நீ தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்த ஆறு வயதுப் பிள்ளை. நினைவை நம்பித் தைத்தாய். நீலக் கதவு, அதில் ஒரு பித்தளை வளையம், வலப்பக்கம் கிணறு, கிணற்றடியில் தோடை மரம். அந்தப் படத்தை நீ குழுவில் போட்ட அன்று, அடுப்பை அணைத்துவிட்டு வந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் அழுதேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறிக்கொள்வாய்.

முந்தின வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து, காணி பார்க்க உன் கூடப்பிறந்த நானாவோடு ஊருக்குப் போனாய். திரும்பி வந்த அன்றே என்னிடம் வந்தாய். அங்கே வெறும் பற்றைக்காடு என்றாய். அது எனக்கும் தெரிந்த கதைதான், எத்தனை பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நீ உடைந்தது அதற்கில்லை. போனில் நீ காட்டிய துண்டின் படத்தைப் பார்த்துவிட்டு உன் நானா சிரித்திருக்கிறார்.

"அது எங்கட ஊடு இல்ல புள்ள," என்றாய். "பக்கத்து ஊடாம். நாங்க அங்கதான் விளையாடுவமாம். எங்கடது ஓலை ஊடாம், கிணறே இல்லையாம்."

விட்டுவிடு, யார் வந்து அளந்து பார்க்கப் போகிறார்கள் என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாயே! அன்று இரவே அவ்வளவையும் அவிழ்த்துவிட்டாய். பிறகு சரியான வீட்டைத் தேடிப் புறப்பட்டாய். உன் மாமி ஓலையில்லை, ஓடு என்றார். பாலாவியில் இருக்கிற உன் ஊர்க்காரர் ஒருவர், உன் வாப்பா அந்தத் தெருவிலேயே இருக்கவில்லை என்றார். கேட்கக் கேட்க வீடு கூடிக்கொண்டு போனதே தவிர உன் வீடு கிடைக்கவில்லை. சரியாகத் தெரியாமல் ஊசி குத்த மாட்டேன் என்று நின்றாய். அதற்குள் வயிற்றில் கட்டி என்றார்கள். கொழும்புக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் உடம்பும் போயிற்று, கையிலிருந்ததும் போயிற்று.

கடைசியாக நான் வந்தபோது உன் மகள் அடுப்படியில் நின்றாள். நீ மெல்லிய குரலில், "புள்ளைக்கிட்டச் சொல்லிராத. அந்த நீலக் கதவக் கேட்டுக் கேட்டு வளந்தவ" என்றாய். சொல்ல மாட்டேன் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். அந்தக் கிழமையே மௌத்தானாய். அல்லாஹ்வின் நாட்டம் என்கிறார்கள். ஓம், நாட்டம்தான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த மாதம் புத்தளத்தில் விரிப்பைக் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். உன் இடத்தை வெறுமையாக விடுவோம் என்று நான் சொல்லி, எல்லாரும் ஒத்துக்கொண்டும் விட்டார்கள். போன சனிக்கிழமை உன் மகள் வந்தாள். பையிலிருந்து உன் துண்டை எடுத்து என் மடியில் விரித்தாள். நீலக் கதவு. பித்தளை வளையம். தோடை மரம். உன் போனில் இருந்த படத்தைப் பார்த்து, நீ விட்டுப்போன ஊசித் துளைகளுக்குள்ளாலேயே நூலை விட்டுத் தைத்திருக்கிறாள். வருத்தம் முற்றி நினைவு தடுமாறித்தான் உம்மா அவிழ்த்திருக்க வேண்டும் என்றாள். நீ தடுமாறவில்லை. எங்கள் எல்லாரையும் விடத் தெளிவாக இருந்தாய். சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி குழுவில் படமும் போட்டுவிட்டாள்.

உன் மகள் என்னைப் பார்த்து, "உம்மாட ஊடு இப்படித்தானே சாச்சி? உங்களுக்குத்தான் எல்லாம் சொல்லுவா," என்று கேட்டாள்.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் நீ அவிழ்த்த வீட்டை நானே பொருத்த வேண்டும். நீ அவிழ்த்ததை மதித்து உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளைக்கு உம்மாவின் ஊர் என்று ஒன்றும் மிஞ்சாது. எந்தப் பக்கம் போனாலும் உனக்குத் துரோகம்தான்.

"ஓம் மகள், இப்படித்தான்," என்றேன்.

இன்று பொருத்தி முடித்துவிட்டேன். காட்சிக்கு வருகிறவர்கள் உன் வீட்டின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், உன் மகள் தன் பிள்ளைகளுக்கும் இதைக் காட்டுவாள். உன் வீடு எதுவென்று இனி ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. இது இல்லை என்பது இந்த விரிப்பைத் தைத்தவர்களில் எனக்கு மட்டும் தெரியும்.