எனக்கு விழுந்த இரண்டு வாரம்

பிப்ரவரி 3, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். போட்டிருக்கக் கூடாது.

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் துண்டும் படுக்கை விரிப்பும் விற்கிறவனுக்குத் தொண்டைதான் கடை. எதிர்வரிசையில் அதே சரக்கை விற்கும் சபாபதி போன வருடம் ஒலிபெருக்கி வாங்கிக் கட்டினான். பதிவு செய்த குரல் ஒன்று மாலை முழுக்க "லேலோங்! லேலோங்!" என்று மலிவு விலை கூவும். அதற்கு மேலே கத்திக் கத்தி என் குரல் நாணில் கட்டி வந்துவிட்டது. அந்தக் கட்டிக்கு அப்பன் சபாபதி.

டாக்டர் ரோகிணி ஏதோ ஆராய்ச்சி செய்கிறார். கட்டியை எடுத்த பிறகு எத்தனை நாள் பேசாமல் இருந்தால் குரல் நன்றாகத் திரும்பும், மூன்று நாளா, இரண்டு வாரமா? இத்தனை படித்தும் யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். ஒட்டிய உறை ஒன்றைப் பிரிப்பார்கள், உள்ளே எழுதியிருப்பதுதான் நமக்கு. எனக்கு இரண்டு வாரம்.

"மாத்திக் குடுங்க டாக்டர்" என்றேன், இருக்கிற கரகரப்பில்.

"இஷ்டத்துக்கு மாத்தினா அது ஆராய்ச்சியே இல்ல, அங்கிள். வேணாம்னா விலகிக்கலாம். ஆபரேஷன் எப்படியும் செய்வோம்."

பயந்துவிட்டான் என்று நினைப்பாரே! அதனால்தான் விலகவில்லை. வேறொரு காரணமும் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

ஆபரேஷன் முடிந்தது. பேசக் கூடாது. செருமக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதலாம். அப்புறம் மனுஷன் எதைத்தான் செய்வது? எழுதுங்கள் என்று மலர்விழி இந்த நோட்டைக் கொடுத்தாள். அக்கா மகள். அவள் அப்பா போன பிறகு கிள்ளானில் இந்த வீட்டுக்குப் பெரிய ஆம்பளை நான்தான். மேல்மாடி அறையில் இருந்தாலும் நான்தான்.

பிப்ரவரி 8, சனி

பேனா தாளைக் கிழித்துவிட்டது. கோபத்தில்.

அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே, மீன் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். "தம்பி, மலருக்கு மாப்பிள்ளை முடிவாயிருச்சு. கிஷன். சபாபதி அண்ணன் மகன். பதினாறாம் தேதி நிச்சயம்."

அண்ணனாம்!

மலரும் அந்தப் பயலும் எப்போது பழகினார்கள்? என் கடைக்கும் அவன் கடைக்கும் நடுவிலா? நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போதா?

சிலேட்டில் "முடியாது" என்று கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினேன். "கண்ணாடி எங்கயோ வச்சிட்டேன் தம்பி, அப்புறம் படிக்கிறேன்" என்று உள்ளே போய்விட்டாள். கண்ணாடி அவள் தலைமேல் இருந்தது.

எங்கள் வீட்டில் தட்டு மாற்றுவதற்கு முன் தாய்மாமனிடம் "சம்மதமா?" என்று கேட்க வேண்டும். அவன் வாயைத் திறந்து மறுத்தால் தட்டு நகராது; பேசாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தை மாதம் கையில் இருக்க, மாசியில் போய்த் தேதி வைத்திருக்கிறார்கள். என் உறை பத்தொன்பது வரைக்கும். கணக்கு சரியாக இருக்கிறது. சபாபதியின் மூளை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பத்துமலையில் ஊரே "வேல் வேல்" என்கிறது, நான் ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். முருகா, நீயே பார்த்துக்கொள். யாரை என்று உனக்குத் தெரியும்.

பிப்ரவரி 12, புதன்

மூக்கு வழியாகக் கேமரா விட்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. வலியில்தான்.

"நல்லா ஆறுது, அங்கிள். ஆனா இப்போ கத்தினீங்கன்னா வடு விழுந்துரும். இந்தக் கரகரப்பு ஆயுசுக்கும் நின்னுரும்" என்றார் டாக்டர். கத்த வேண்டாம் என்றால் கத்தத் தோன்றாதா?

பிப்ரவரி 13, வியாழன்

தேதி வைத்தது சபாபதி இல்லை.

மாடிக்கு வந்தாள் மலர். நின்றுகொண்டே சொன்னாள். "நான்தான் மாமா பதினாறு வைக்கச் சொன்னேன். உங்க உறையில ரெண்டு வாரம்னு தெரிஞ்ச உடனே. நீங்க வாயத் தொறந்தா இந்தக் கல்யாணம் நடக்காது. நடக்கணும் எனக்கு."

பேனாவை எடுத்தேன். கீழே போட்டேன். டீ கோப்பையைச் சுவரில் அடித்தேன். அவளே பொறுக்கிவிட்டுப் போனாள்.

பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் நான். காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். என் வாயைக் கட்டத் தேதி பார்க்கிறாளா?

சரி. குரல் போனால் போகட்டும். மண்டபத்தில் ஒரே ஒரு வார்த்தை கத்துகிறேன். அதற்கு எந்த உறையும் வேண்டாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

புதுவேட்டியில் சபாபதி. சிரித்துக்கொண்டு என் பக்கத்து நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தான். அத்தர் வாசனை வேறு.

தட்டை நடுவில் வைத்தார்கள். கோயில் பெரியவர் என்னைப் பார்த்து, "தாய்மாமன் சம்மதமா?" என்றார்.

எழுந்தேன். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தேன். வாயையும் திறந்துவிட்டேன்.

"மாமா பேச மாட்டாரு" என்றாள் மலர். மணப்பெண் பேசுகிற இடமா அது? பேசினாள். "மாமாவுக்குப் பதிலா நான் கேக்கிறேன். சபாபதி அங்கிள் கடையில இருக்கிற அந்த ஸ்பீக்கர இறக்கணும். அது இருக்கிற வரைக்கும் இவரு கத்துவாரு. ஆபரேஷன் செஞ்சதெல்லாம் வேஸ்ட். இறக்கினாத்தான் சம்மதம்."

மண்டபமே திரும்பி அவளைப் பார்த்தது. நானும்தான்.

சபாபதி முகம் சிவந்தது. "அது என் பொழப்பு லா, பொண்ணு!"

"கழட்டிருவோம்பா" என்றான் கிஷன், தரையைப் பார்த்துக்கொண்டு.

சபாபதி மகனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சரி, இறக்கிறேன். இவன் மட்டும்தான் வாயால கத்துவானா? எனக்கும் வாய் இருக்கு. இவன் குரல் திரும்பி வரட்டும், பாத்துக்கலாம்."

திறந்த வாயை மூடினேன். பிடித்த மூச்சு என்ன ஆனது என்று தெரியவில்லை. தட்டை வாங்கினேன்.

சம்மதம் என்று நான் சொல்லவே இல்லை. தட்டை வாங்கினேன், அவ்வளவுதான். மலர் காலில் விழுந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தலையில் கை வைத்தது பழக்கத்தில்.

பிப்ரவரி 19, புதன்

"ஆ சொல்லுங்க, அங்கிள்."

ஆ.

சுத்தமாக வந்தது. என் குரல்தானா? பதிவுக் கருவியில் மறுபடி போட்டுக் காட்டினார். இரண்டு வாரம் நல்லதா, மூன்று நாளே போதுமா என்றேன். இன்னும் சொல்ல முடியாதாம், இன்னும் ஆட்கள் சேர வேண்டுமாம். இனிமேல் கத்தாமல் சின்ன மைக் மாட்டிக்கொள் என்கிறார். துண்டு விற்கிறவன் என்ன டூர் கைடா?

மே 10, சனி

மைக் வாங்கிவிட்டேன். மலர் தொல்லை.

எதிரே ஸ்பீக்கர் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான், திமிர் பிடித்தவன். மூன்று மாதமாக வாயாலேயே கூவுகிறான். இன்று சம்மந்தியின் "லேலோங்" பாதியில் உடைந்தது. செருமினான். மறுபடி கூவினான், மறுபடி உடைந்தது. அந்தக் கரகரப்பு எனக்குத் தெரியாதா? அப்படியே என் தொண்டைதான்.

நல்லா வேணும் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

பிறகு மைக்கை அணைத்து, கடையை மலரிடம் விட்டு, எதிர்வரிசைக்குப் போனேன். டாக்டர் ரோகிணியின் நம்பரை அவன் விற்கும் விரிப்பின் அட்டையிலேயே எழுதிக் கொடுத்தேன். "ஆராய்ச்சிக்கு ஆள் பத்தலையாம். புதன்கிழமை என்கூட வா. கொமுட்டர் ரயில்ல என் பக்கத்துல மட்டும் உக்காராத."

"போடா" என்றான். பாதிதான் வெளியே வந்தது. அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றினேன். அவனுக்கும் இரண்டு வார உறையே விழ வேண்டும்.