காலனியில் ஏறியவர் நான்கு பேர்

இன்று காலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவளாக இருக்க வேண்டும். தலையில் வைத்திருந்த மல்லிகையையும் மீறிக்கொண்டு புடவையிலிருந்து ஃபினாயில் வாசனை வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நீயாக இருந்துவிடுவாயோ என்று பயம். நீ போய் மூன்று வருடம் ஆகிறது, எனக்கு இந்தப் பயம் மட்டும் போகவில்லை. அவள் எழுந்து போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் பஸ்ஸை விட்டுவிட்டேன். டிப்போவில் வேலை பார்க்கிறவளே பஸ்ஸை விட்ட கதையைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நம் இரண்டு பேருக்கும் அந்த டவுன் பஸ்தானே எல்லாம். திண்டிவனத்தில் புறப்பட்டு, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஏரிக்கரை வழியாக நம் காலனிக்குள் வந்து திரும்பி, மறுபடி நெடுஞ்சாலை ஏறி விழுப்புரம் போகும். பள்ளிக்கூட நாட்களில் நான் தலை வாரி முடிப்பதற்குள் அது வந்துவிடும். நீ ஒரு காலைப் படிக்கட்டிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நிற்பாய். "அவ வந்துக்கினே இருக்கா ண்ணா, அதோ தெருமுனை திரும்பிட்டா" என்று கண்டக்டரிடம் கூசாமல் பொய் சொல்வாய். நான் அப்போதுதான் வீட்டுக்குள் ரிப்பன் தேடிக்கொண்டிருப்பேன். ஒரு நாளாவது என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறாயா நீ?

பத்தாவதோடு நீ படிப்பை நிறுத்திக்கொண்டாய். டிரைவராக இருந்த அப்பா பணியிலேயே இறந்ததால் எனக்கு டிப்போ அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமாகித் திண்டிவனத்தோடு தங்கிவிட்டேன். நீ காலனியிலேயே வாழ்க்கைப்பட்டு, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்குப் போனாய். காலையில் முதல் டிரிப்பில் ஏறினால்தான் உனக்குச் சரியாக இருக்கும். "ஏழு மணிக்கு நான் போய் நின்னாத்தான் நைட்டு பாத்தவ வூட்டுக்குப் போவ முடியும். அவளுக்குக் கைக்கொழந்த கீதுடி" என்பாய். உன் அவசரம்கூட இன்னொருத்திக்காகத்தான் இருக்கும்.

அப்போதுதான் எங்கள் அலுவலகத்தில் ரூட்டுகளை மாற்றி அமைக்கும் வேலை வந்தது. எந்த ஊருக்குள் பஸ் போக வேண்டும், எந்த ஊருக்கு நெடுஞ்சாலையில் நின்றால் போதும் என்று முடிவு செய்ய வேண்டும். அதற்காக ஒவ்வொரு பஸ்ஸிலும் எங்களில் ஒருவர் உட்கார்ந்து, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறுகிறவர்களை எண்ணினோம். உன் பஸ் என் பங்கில் வந்தது. நம்ம ஊர்தானே என்று சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

நான் எண்ணப் போன நாள் அமாவாசை. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டத்துக்கு ஓட்ட நம் பஸ்ஸை எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு நம் ஜனங்கள் அதற்குக் காத்திருக்க மாட்டார்கள், விடிவதற்கு முன்பே நெடுஞ்சாலைக்கு நடந்துவிடுவார்கள். நம் காலனியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. அங்கேயே பிறந்து வளர்ந்த நான் டவுனுக்கு வந்ததும் காலண்டரைக்கூடப் பார்க்க மறந்துபோனேன், பார். கணக்கெடுப்பு இருந்ததால் அன்று மட்டும் அந்த பஸ்ஸை மேல்மலையனூருக்கு எடுக்கவில்லை. அது வழக்கம்போல் காலனிக்குள் வந்தது. ஏறியவர் நான்கு பேர்.

கண்டக்டர் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னிக்கு அமாவாச மேடம். பஸ்ஸு வராதுன்னு ஜனங்க நடந்து போயிருக்கும். நாளைக்கு வந்து எண்ணிப் பாருங்க, நிக்க எடம் இருக்காது" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

நெடுஞ்சாலைக்கு வந்தால் அங்கே நம் காலனியே நின்றது. முதல் ஆளாக நீ ஏறினாய். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாடி, ஆபீசரம்மா எங்க பஸ்ல? அமாவாசைக்கு இது வராதேன்னு இருட்டோட நடந்து வந்துட்டோம். வரும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வூட்டாண்டயே நின்னிருப்போம் இல்ல?"

அப்புறம் என் மடியிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாய். "இன்னா எழுதற?"

"எத்தினி பேரு ஏறுறாங்கன்னு."

"அப்ப என்னையும் சேத்து எழுதிக்க."

சேர்த்து எழுதினேன். காலனிக்கு நேராக எழுதவில்லை, நெடுஞ்சாலை நிறுத்தத்துக்கு நேராக எழுதினேன். நீ ஏறிய இடம் அதுதானே என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உன் பின்னால் ஏறிய அத்தனை பேரையும் அதே இடத்தில்தான் எழுதினேன். காலனிக்குள் போகத் தேவையில்லை, எல்லோரும் நெடுஞ்சாலைக்கே வந்து ஏறுகிறார்கள் என்று அந்தத் தாளைப் பார்க்கிற எவரும் சொல்வார்கள். மறுநாள் போய் எண்ணியிருக்கலாம். மறுபடியும் நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லையடி. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. தாளை அப்படியே கொடுத்துவிட்டு மதியம் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

இரண்டு மாதத்தில் ரூட் மாறியது. பஸ் நெடுஞ்சாலையிலேயே நேராகப் போனது. விழுப்புரத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேருகிறது என்று மற்ற ஊர்க்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். நீ தினமும் ஏரிக்கரை வழியாக நடந்து, நான்கு வழிச்சாலையைக் குறுக்கே தாண்டி, எதிர்ப்பக்கம் போய் நின்றாய்.

ஒரு நாள் போன் செய்தாய். "மனு எழுதி எல்லார் கையெழுத்தும் வாங்கிக் குடுத்துட்டேன். நீ அங்கதான இருக்க, கொஞ்சம் பாத்து சொல்லுடி."

"பாக்கறேன்டி" என்றேன். மனு என் மேசைக்குத்தான் வந்தது. முதல் கையெழுத்து உன்னுடையது, பள்ளிக்கூடத்தில் போட்ட அதே உருண்டை எழுத்து. அதை மேலே அனுப்பினால் முதல் கணக்கு ஏன் தப்பாக வந்தது என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவள் நான். ஃபைலுக்குள் வைத்து மூடினேன். அதன் பிறகு நீ நான்கைந்து முறை போன் செய்தாய். ஒரு முறைகூட பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டதா? அன்று என் மடியில் தாளைப் பார்த்தவளாயிற்றே, கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க மாட்டாயா? தெரிந்துதான் என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாயா? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை.

மார்கழி மாதம், எதிரில் வரும் ஆள் தெரியாத பனி. சாலையைத் தாண்டும்போது வேன் அடித்துவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு போனது முண்டியம்பாக்கத்துக்குத்தான். நீ வேலை பார்த்த இடத்திலேயே உன்னோடு வேலை பார்த்தவர்கள் உன்னை ஸ்ட்ரெச்சரில் பார்த்து அலறினார்களாம். எனக்குத் தகவல் வந்தபோது நான் அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மறுவாரம் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அமாவாசையன்று எண்ணியதையும் மனுவை அமுக்கியதையும் மறைக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர், "முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். என் பெயருக்கு ஒரு மெமோ வந்தது. காலனி முனையில் வேறொருவர் நின்று நடந்து போகிறவர்களை எண்ணினார். அந்த மாதமே பஸ் காலனிக்குள் திரும்பி வந்தது. ஒரு நாள் பேச்சில் முடிந்திருக்கும் காரியம்.

முதல் நாள் என்னையும் வரச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு மாலை போட்டு, கற்பூரம் ஏற்றி, தேங்காயை என் கையில் கொடுத்தார்கள். "நம்ம வூட்டுப் பொண்ணு கொண்டாந்த பஸ்ஸு, நீயே உடைம்மா" என்று உன் மாமியார் சொன்னார். என்ன நடந்தது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. உடைத்தேன். உன் மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா சொல்லிக்கினே இருக்கும் பெரிம்மா. என் கூட்டாளி டிப்போல கீறா, அவ கொண்டாந்துடுவான்னு எல்லாராண்டயும் சொல்லும்." மேனேஜரிடம் சொல்ல முடிந்த எனக்கு அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அழுதேன். தோழியை நினைத்து அழுகிறாள் என்று என்னைத் தேற்றினார்கள்.

உன் மகள் இப்போது விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அதே முதல் டிரிப்பில்தான் போகிறாள். வீட்டு வாசலிலேயே ஏறிவிட்டு, தினமும் காலையில் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புவாள். "பஸ் வந்துடுச்சு பெரிம்மா. தேங்க்ஸ்." உண்மையை எழுதலாம் என்று ஒவ்வொரு நாளும் போனைக் கையில் எடுக்கிறேன். இரண்டு வரி எழுதுகிறேன், அழிக்கிறேன். கடைசியில், "சரிம்மா, பாத்து போ" என்று அனுப்புகிறேன்.